பெட்டிக்குள் இருப்பது எந்தப் பிரதி? பழைய டிவி தொடர்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு பத்து மணிக்கு மேல் தம்பி ஒருவன் போன் செய்தான். என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். என் வீட்டு அலமாரியைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கும் பழைய தொடர்களை வாங்கிச் சேர்க்கும் பித்து பிடித்துவிட்டது.

“அண்ணா, ட்வைலைட் ஸோன் புளூரே வாங்கினேன்ல, அதுல ரெண்டாவது சீசன் டிஸ்க் ஒண்ணு கோளாறு போல. முந்தின எபிசோட் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அடுத்தது பழைய கல்யாண கேசட் மாதிரி ஓடுது. திருப்பி அனுப்பிடவா?”

“எந்த எபிசோட்டா?”

“ஒரு குடிகார கிறிஸ்துமஸ் தாத்தா வர்றாரே, அது.”

“அனுப்பாதே. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. அந்த எபிசோடே அப்படித்தான்.”

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1959 முதல் 1964 வரை ஓடிய தொடர் அது. மொத்தம் 156 எபிசோடுகள். அவற்றில் 150, சினிமா எடுப்பதைப் போல 35 எம்.எம். ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. இரண்டாவது சீசனில் மட்டும் செலவைக் குறைக்க ஆறு எபிசோடுகளை வீடியோ டேப்பில் எடுத்துப் பார்த்தார்கள். மிச்சமான பணம் பெரிதாக ஒன்றுமில்லை, படமும் சுமாராக வந்தது என்பதால் மறுபடி ஃபிலிமுக்கே போய்விட்டார்கள். தம்பி பார்த்தது அந்த ஆறில் ஒன்று. அறுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு கணக்குப்பிள்ளை செய்த சிக்கனம், இன்று சென்னையில் ஒரு புளூரே பெட்டிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிறது.

சேகரிப்பில் இறங்குபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். கேசட், டிவிடி, புளூரே எல்லாம் பாத்திரங்கள். அதில் ஊற்றியிருப்பது எங்கிருந்து எடுத்த பிரதி, யார் கை பட்டது, எங்கே வெட்டப்பட்டது என்பதுதான் சரக்கு. ஒரே தொடரின் மூன்று வெளியீடுகள் மூன்று விதமாக இருப்பதற்கும், ஐம்பதுகளின் தொடர் ஒன்று தொண்ணூறுகளின் தொடரைவிடத் துல்லியமாகத் தெரிவதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஃபிலிமா, டேப்பா?

அந்தக் கால அமெரிக்க டிவி திரையில் கண்ணுக்குத் தெரிந்தது சுமார் 480 வரிகள்தான். 35 எம்.எம். ஃபிலிம் அதைப்போல் பல மடங்கு விவரத்தைப் பிடித்துவைக்கும். அதாவது 1960இல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, நெகட்டிவில் இருந்ததில் ஒரு பங்குதான் போய்ச் சேர்ந்தது. அந்த நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் இன்று மறுபடி ஸ்கேன் செய்து, 1080 வரிகள் கொண்ட புளூரேயில் ஒளிபரப்பான அன்று யாருமே பார்த்திராத தெளிவோடு கொடுக்க முடியும். டேப் அப்படி இல்லை. கேமரா மின்சமிக்ஞையாக அனுப்பிய வரிகள்தான் அதில் பதிவானவை. தோண்டினால் கிடைக்க அடியில் வேறொன்றும் கிடையாது.

அப்படியானால் எல்லாரும் ஃபிலிமிலேயே எடுத்திருக்கலாமே? செலவு. அதோடு, தொடக்க காலத்தில் டிவி என்றாலே நேரடி ஒளிபரப்புதான். நியூயார்க்கில் நடிப்பார்கள், அந்த நிமிடமே வீட்டில் தெரியும். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் இருந்ததால், ஒரு டிவி திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்துப் படம்பிடித்து, அந்த நகலை மறுகரைக்கு அனுப்பினார்கள். இதற்குக் கினிஸ்கோப் என்று பெயர். தியேட்டரில் செல்போனை நீட்டிப் பிடித்த படம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் அதன் தரம் புரிந்துவிடும். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் இரண்டங்குல வீடியோ டேப் 1956இல் வந்த பிறகுதான் இதற்கு மாற்றுக் கிடைத்தது.

இந்த இடத்தில் ‘ஐ லவ் லூசி’ கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1951இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடர். நியூயார்க்கிலிருந்து நேரடியாகச் செய்ய வேண்டும் என்றார்கள். நடித்த கணவன் மனைவியான லூசில் பால், டெஸி ஆர்னாஸ் இருவருக்கும் ஹாலிவுட்டை விட்டுப் போக மனமில்லை. ஹாலிவுட்டிலிருந்து செய்தால் மக்கள்தொகை அதிகமுள்ள கிழக்குக் கரைக்காரர்கள் மங்கலான கினிஸ்கோப்பைப் பார்க்க நேரும். எனவே பார்வையாளர்களை உட்காரவைத்து, மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, 35 எம்.எம். ஃபிலிமில் எடுப்பது என்று முடிவானது. ஜெர்மனியின் மௌனப்பட காலத்திலேயே பெயர்பெற்ற ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் அதற்கான ஒளியமைப்பைச் செய்தார். கூடுதல் செலவை ஈடுகட்ட இருவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்குக் கேட்டது அந்த ஃபிலிம்களின் உரிமையை. ஒருமுறை ஒளிபரப்பாகிவிட்ட நிகழ்ச்சிக்கு என்ன மதிப்பு இருந்துவிடப் போகிறது என்று நினைத்த காலம், கொடுத்துவிட்டார்கள். இன்று 180 எபிசோடுகளும் பளிச்சென்று கையில் இருப்பது அந்தப் பேரத்தால்தான். டிவி வரலாற்றிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான பேரம் இது என்பேன்.

இதிலும் பிரதி விவகாரம் உண்டு. லூசி என்றதும் பட்டுத்துணி மேல் இதய வடிவம் வரும் டைட்டில்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அது மறு ஒளிபரப்புக்காகப் பிற்பாடு செய்தது. முதல் ஒளிபரப்பில் இருந்தவை விளம்பரதாரரான சிகரெட் கம்பெனியின் பாக்கெட்டைச் சுற்றி ஓடும் கார்ட்டூன் லூசியும், கதையில் அவள் கணவனான ரிக்கியும். 2014இல் வந்த முதல் சீசன் புளூரேயில் அந்தப் பழைய டைட்டிலோடும் பார்க்கலாம்.

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது, புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். எண்பதுகளின் பாதியில் அமெரிக்காவில் பல தொடர்களை ஃபிலிமில் எடுத்து, உடனே டேப்புக்கு மாற்றி, எடிட்டிங், கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் டேப்பிலேயே முடித்தார்கள். ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ (1987–94) அப்படித்தான். எடுத்தது 35 எம்.எம்., ஆனால் முடித்த பிரதி டேப். அதனால் டிவிடியில் படம் கொழகொழவென்று இருக்கும். 2012 முதல் 2014 வரை வந்த புளூரேக்களுக்காக, கிடங்கிலிருந்து மூல நெகட்டிவ் ரீல்களை எடுத்து, ஒவ்வொரு ஷாட்டாகத் தேடி ஸ்கேன் செய்து, ஏழு சீசனையும் முதலிலிருந்து மறுபடி எடிட் செய்தார்கள். விண்கலக் காட்சிகளின் ஒவ்வொரு அடுக்கையும் புதிதாகச் சேர்த்தார்கள். கிட்டத்தட்ட தொடரையே இரண்டாவது முறை கட்டி எழுப்பியது போல. கைகளை மட்டும் காட்டும் ஒரு நொடி ஷாட்டுக்குக்கூட ரீலைத் தேடியாக வேண்டும். இந்தப் பெரும்பாட்டுக்குப் பிறகு, அதே முறையில் எடுக்கப்பட்ட ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘வாயேஜர்’ தொடர்களுக்கு இதைச் செய்ய யாரும் முன்வரவில்லை. அவை டிவிடி தரத்திலேயே நின்றுவிட்டன.

பிரிட்டனில் வேறு பழக்கம். ஸ்டுடியோவுக்குள் டேப், வெளிப்புறக் காட்சிக்கு 16 எம்.எம். ஃபிலிம். ‘ஃபால்டி டவர்ஸ்’ பாருங்கள்: ஹோட்டல் வரவேற்பறையில் கத்திக்கொண்டிருக்கும் முதலாளி பேசில் கதவைத் திறந்து வெளியே வந்ததும் படத்தின் தோலே மாறும். நிறம், அசைவு எல்லாம் வேறு. அது கோளாறு இல்லை, அந்நாளைய பிபிசியின் வேலைமுறை.

அழிக்கப்பட்டவை

டேப்பின் கெட்ட குணம் தரம் மட்டுமில்லை, அதை அழித்துவிட்டுத் திரும்பவும் பயன்படுத்தலாம் என்பதும்தான்.

அறுபதுகளில் இரண்டங்குல டேப் விலை அதிகம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இத்தனை முறைக்கு மேல் மறு ஒளிபரப்பு செய்ய முடியாது. வீட்டில் போட்டுப் பார்க்க மக்கள் காசு கொடுப்பார்கள் என்பது யாருடைய கனவிலும் இல்லை. கலர் வந்ததும் கறுப்பு வெள்ளைக்கு மதிப்புப் போயிற்று. எனவே பிபிசி வரிசையாக அழித்தது. அவர்களுடைய அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் முதல் ஆறு சீசன்களில் ஒளிபரப்பானவை 253 எபிசோடுகள். அவற்றின் மூல டேப்புகள் போய்விட்டன. இன்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக, கினிஸ்கோப் முறையில் எடுத்த 16 எம்.எம். நகல்கள்.

அந்த நகல்கள் திரும்பி வந்த கதைகள் தனி ருசி. 1967இல் ஒளிபரப்பான ‘டோம்ப் ஆஃப் த சைபர்மென்’ கதையின் நான்கு பகுதிகளும் போனதுதான் என்று ரசிகர்கள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, நான்கும் ஹாங்காங்கிலிருந்து வந்து சேர்ந்தன. 1992இல் வீடியோ கேசட்டாகவே விற்றார்கள். 2013 அக்டோபரில், நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து டிவி நிலையத்தில் கிடைத்த ஒன்பது காணாமல்போன எபிசோடுகளைப் பற்றி அறிவித்தார்கள். அதற்குப் பின்னும் 97 எபிசோடுகள் பாக்கி நின்றன.

ஆனால் அந்த 97க்கும் ஒலி இருக்கிறது. அந்த நாளில் சில பிள்ளைகள் டிவிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து வாரா வாரம் பதிந்திருக்கிறார்கள். வீட்டில் கண்டிப்பாகத் திட்டு வாங்கியிருப்பார்கள். அந்த ஒலியை வைத்து, தொலைந்த பகுதிகளைக் கார்ட்டூனாக வரைந்து வட்டில் சேர்க்கும் வழக்கம் 2006இல் ‘த இன்வேஷன்’ டிவிடியோடு தொடங்கியது. எட்டுப் பகுதிக் கதையில் ஒன்றும் நான்கும் அனிமேஷன், மற்றவை அசல்.

இன்னும் வியப்பானது கலர் மீட்பு. எழுபதுகளின் தொடக்கத்துக் கலர் எபிசோடுகள் சிலவற்றுக்கு மிஞ்சியது கறுப்பு வெள்ளை ஃபிலிம் நகல் மட்டுமே. அந்த நகலை எடுத்தபோது திரையில் கலர் சமிக்ஞை பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்திருக்கிறது. அதை வடிகட்டாமல் விட்டதால் புள்ளிகளும் ஃபிலிமில் பதிந்துவிட்டன. நாற்பது வருடம் கழித்து அந்தப் புள்ளிகளைக் கணினியால் படித்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று கண்டுபிடித்தார்கள். 1971இன் ‘த மைண்ட் ஆஃப் ஈவில்’ கதை 2013 டிவிடியில் கலரில் வந்தது இப்படித்தான். அதன் முதல் பகுதியில் மட்டும் புள்ளிகள் போதவில்லை, கையால் நிறம் ஏற்றினார்கள். ஒருவனின் கவனக்குறைவு இன்னொருவனுக்குப் புதையல்.

எனவே பழைய தொடரின் வட்டு மங்கலாக இருக்கிறது என்று விமர்சனம் எழுதுவதற்கு முன், உலகத்தில் அதைவிட நல்ல பிரதி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சிலவற்றுக்கு அந்த மங்கல் பிரதியே கடைசிப் பிரதி.

‘கம்ப்ளீட்’ என்று போட்டிருந்தால்?

பெட்டி மேல் அச்சடித்த சொற்களிலேயே அதிகம் சந்தேகப்பட வேண்டியது ‘கம்ப்ளீட் சீரிஸ்’. எபிசோடுகளின் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். எபிசோடுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதல் திருடன், இசை உரிமை. ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ (1978–82) ஒரு வானொலி நிலையத்தில் நடக்கும் நகைச்சுவைத் தொடர். அந்நாளைய ராக் பாட்டுகள் கதையோடு கதையாக ஓடும். டேப்பில் எடுத்த நிகழ்ச்சிகளுக்குப் பாட்டு உரிமை மலிவு என்பதும் அதை டேப்பில் எடுத்ததற்கு ஒரு காரணம். அப்போது வாங்கிய உரிமை ஒளிபரப்புக்கு. வட்டில் விற்பதற்கு அல்ல. 2007இல் முதல் சீசன் டிவிடி வந்தபோது பல பாட்டுகளை எடுத்துவிட்டு அடையாளமில்லாத இசையைப் போட்டிருந்தார்கள். இளையராஜா பாட்டு ஓட வேண்டிய டீக்கடைக் காட்சியில் யாரோ கீபோர்டில் வாசித்த மெட்டு ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. 2014இல் ஷவுட் ஃபேக்டரி நிறுவனம் உரிமைகளைத் தேடி வாங்கிப் பெரும்பாலான பாட்டுகளோடு முழுத் தொடரையும் வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் ஒரே தொடர் என்று சொல்லமாட்டீர்கள். ‘த ஒண்டர் இயர்ஸ்’ முறையான டிவிடியாக வர 2014 வரை ஆனதற்கும் பாட்டுகள்தான் காரணம். ‘மேரீட் வித் சில்ட்ரன்’ டிவிடிகளில் மூன்றாவது சீசனிலிருந்து டைட்டில் பாட்டே காணாமல் போனது.

இரண்டாவது, கத்தரி. அறுபதுகளில் ஒரு மணி நேர அமெரிக்க நிகழ்ச்சியில் கதை சுமார் 50 நிமிடம் ஓடும், மீதி விளம்பரம். பிற்காலத்தில் விளம்பர நேரம் கூடியதும், மறு ஒளிபரப்புக்காக நிலையங்களுக்கு விற்ற பிரதிகளில் அங்கங்கே சில நிமிடங்களை வெட்டினார்கள். கிடங்கில் கைக்கு எளிதாக அகப்படுவது அந்த வெட்டிய பிரதிதான். 2005இல் வந்த ‘ரோஸான்’ முதல் சீசன் டிவிடியில் அதையே போட்டு ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, ஓடும் நேரத்தைப் பார்ப்பது. 1965ஆம் வருடத்து அரைமணித் தொடர் 22 நிமிடத்தில் முடிந்தால் ஏதோ போயிருக்கிறது.

மூன்றாவது, காப்புரிமை காலாவதியான எபிசோடுகளை மட்டும் பொறுக்கிப் போட்ட மலிவுப் பெட்டிகள். ‘த பெவர்லி ஹில்பில்லீஸ்’ தொடரின் ஆரம்ப எபிசோடுகள் 55க்கு உரிமையைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். யார் வேண்டுமானாலும் வட்டு போடலாம் என்றாயிற்று. ஆனால் டைட்டில் பாட்டின் உரிமை உயிரோடு இருக்கிறது, அதனால் இந்த மலிவு வட்டுகளில் வேறு ஏதோ இசை. தேய்ந்த 16 எம்.எம். நகலும் தவறான பாட்டுமாக அந்தப் பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டாவது எபிசோடோடு ஓரம் கட்டினேன்.

பாதியில் நின்றுபோகும் தொகுப்புகள் தனிச் சங்கடம். ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ முதல் இரண்டு சீசன்கள் 2006இல் வந்தன. மூன்றாவதைப் பார்க்க 2014இல் வேறொரு நிறுவனம் முழுத் தொகுப்பைப் போடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் முதல் இரண்டையும் வாங்கியவர்கள் மறுபடி வாங்கினார்கள். ‘பெர்ரி மேசன்’ ஒன்பது சீசன், 271 எபிசோட். ஒவ்வொரு சீசனையும் இரண்டாகப் பிளந்து 18 பெட்டிகளாக விற்றார்கள். 1966இன் ‘பேட்மேன்’ தொடரோ, உரிமை இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டதால் 2014 நவம்பர் வரை வெளியே வரவே இல்லை. அலமாரியில் இடம் விட்டுக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

படத்தின் சதுரம்

பழைய டிவி 4க்கு 3 என்ற அளவு. இன்றைய திரை 16க்கு 9. பழைய படம் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். அந்தப் பட்டையைப் பார்த்து வாடிக்கையாளர் கோபிப்பாரோ என்று பயந்து, மேலும் கீழும் வெட்டித் திரையை நிரப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. ‘த வேர்ல்ட் அட் வார்’ ஆவணத் தொடரின் 2010 புளூரேயில் போர்க்களக் காட்சிகளையே அப்படி வெட்டினார்கள். 2019இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் ‘சிம்ப்சன்ஸ்’ பழைய எபிசோடுகளுக்கும் இதே கதி. பீர் தொழிற்சாலைக் காட்சி ஒன்று: டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெரிய தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து பீர் வருவதுதான் ஜோக். மேல்பக்கத்தை வெட்டியதில் குழாயும் போயிற்று, ஜோக்கும் போயிற்று. கத்திக் கூச்சல் போட்ட பிறகு 2020இல் பழைய அளவிலும் பார்க்க வசதி செய்தார்கள்.

தளத்தில் இருப்பது நாளைக்கு மாறலாம் என்பதால்தான் என்னைப் போன்றவர்கள் இன்னும் வட்டு வாங்குகிறோம். மாற்றியதையும் பழையதையும் சேர்த்தே கொடுக்கும் வட்டு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ (1966–69) தொடருக்கு 2006இலிருந்து கணினி வரைகலையில் புது விண்கலக் காட்சிகள் செய்தார்கள். 2009 புளூரேயில் ரிமோட்டின் ஒரு பட்டனில் பழையதுக்கும் புதியதுக்கும் தாவலாம். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்த்த எனக்கு, மாடல் செய்து படம்பிடித்த பழைய கப்பல்தான் கப்பல். புதிதாகப் பார்ப்பவர்களும் பழையதிலேயே தொடங்கச் சொல்வேன்.

நம் பிளேயரில் ஓடுமா?

அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்த முதல் பாக்ஸ் செட்டை, பிரித்த வேகத்தில் பிளேயரில் போட்டேன். திரையில் ஒற்றை வரி: இந்த மண்டலத்தில் ஓடாது. டிவிடி விற்பனைக்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா 1, பிரிட்டன் 2, சிங்கப்பூர், மலேசியா 3, இந்தியா 5. புளூரேயில் மூன்றே பிரிவு: அமெரிக்காவும் சிங்கப்பூர், மலேசியாவும் ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி தீரும். மண்டலப் பூட்டே இல்லாத புளூரேக்களும் நிறைய உண்டு, வாங்குமுன் விசாரியுங்கள்.

மண்டலத்தைவிட நுணுக்கமான ஒன்று வேகம். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இருந்த ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிக்கு 25 ஃபிரேம். அமெரிக்க ஃபிலிம் தொடரை பால் டிவிடியில் ஏற்றும்போது பெரும்பாலும் வேகத்தைக் கூட்டி 25ஆக ஓடவிடுவார்கள். 50 நிமிட எபிசோட் 48 நிமிடத்தில் முடியும், எல்லார் குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். சங்கீதக் காது உள்ளவர்களுக்கு டைட்டில் இசையிலேயே சுருதி இடிக்கும். டிவிடி வாங்கும்போது நான் வைத்திருக்கும் விதி எளிது: அமெரிக்கத் தொடருக்கு அமெரிக்க வட்டு, பிரிட்டிஷ் தொடருக்கு பிரிட்டிஷ் வட்டு. புளூரே 24 ஃபிரேமையே தாங்கும் என்பதால் அங்கே இந்தக் கவலை குறைவு.

கேசட்டில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். விஎச்எஸ் 1976இல் ஜப்பானில் வந்தது. ஸ்டார் ட்ரெக்கின் 79 எபிசோடுகளை ஒரு கேசட்டுக்கு ஒன்று என்று விற்ற காலமும் உண்டு, ஒரு தொடருக்கே ஒரு பீரோ வேண்டும். டிவிடி வந்தும் முதலில் வட்டுக்கு இரண்டு எபிசோட் வீதம்தான் போட்டார்கள். 2000இல் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ முதல் சீசன் முழுதாக ஒரே பெட்டியில் வந்த பிறகுதான் சீசன் கணக்கில் வாங்கும் பழக்கம் நிலைபெற்றது. கேசட் மேல் ஆசை இருந்தால் பிளேயரை முதலில் தேடுங்கள். கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. சென்னை மாதிரி கடலோர ஊரில் கேசட்டுக்குள் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பார்த்து, வெள்ளை தெரிந்தால் விசிஆரில் போடாதீர்கள். போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

வட்டுகள் பரவாயில்லை, ஆனால் அவையும் சாகாவரம் பெற்றவை அல்ல. 2006 முதல் 2008 வரை தயாரான வார்னர் டிவிடிகள் சில தாமாகவே கெட்டுப்போவதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய பெட்டி வாங்கினால் அழகு பார்க்க அடுக்கிவைக்காமல், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு வட்டையும் கடைசி எபிசோட் வரை ஓட்டிப் பாருங்கள். முதல் எபிசோட் நன்றாக ஓடியது என்பதற்காக மீதியும் ஓடும் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் பதிந்த வட்டுகளை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். கைவைக்க இடமே இருக்காது.

எதில் தொடங்குவது என்று தம்பி கேட்டபோது, சின்னதாக, முடிந்துபோன தொடராகப் பார் என்றேன். 271 எபிசோடில் கால் வைத்தால் இரண்டு வருடத்துக்கு வேறு வேலை ஓடாது. ஃபால்டி டவர்ஸ் 12 எபிசோட்தான். பெரும்பாலும் டேப்பில் எடுத்தது, ஆகவே டிவிடியே போதும். ‘த பிரிஸனர்’ (1967–68) என்ற பிரிட்டிஷ் தொடர் 17 எபிசோட். அமெரிக்காவுக்கு விற்க வேண்டும் என்று 35 எம்.எம். கலர் ஃபிலிமில் எடுத்தது, ஆகவே புளூரே. இரண்டையும் வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன பாதி விஷயம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பிரிஸனரை வாங்கிவிட்டான். நேற்று மறுபடி போன். “அண்ணா, இந்த எபிசோட்களை எந்த வரிசையில பார்க்கணும்? டிஸ்க்ல ஒரு வரிசை இருக்கு, ஆளாளுக்கு வேற வேற சொல்றாங்க.”

ஒளிபரப்பான வரிசையா, எடுத்த வரிசையா, கதைக்குப் பொருந்தும் வரிசையா என்ற அந்தச் சண்டை ரசிகர்களுக்குள் இன்னும் தீரவில்லை. என் வரிசையை ஒரு தாளில் எழுதி அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன்.